குருதி நில்லா நோயை ஆராய்ந்த வில்லிபிராண்ட்

காலிலே கல் இடறிக் குருதி வடிகின்றது. சிறிது பொழுதில் நின்றுவிடுகின்றது. சவரஞ் செய்யுங்கால் கத்தி பட்டு முகத்திலே கீறல் உண்டாகின்றது. கழுவித் துடைப்பதற்கிடையில் அதுவும் நின்றுவிடுகின்றது. இவ்வாறு நிற்பதை நாம் ஒரு பொருளாக எண்ணுவதில்லை. உதட்டிலுண்டான ஒரு புண்ணிலிருந்து மூன்று நாள் ஓயாது குருதி பெருகக் கண்டு செய்வதறியாது நின்ற தாய்க்கே அதன் அருமை தெரியும். அத்தகைய தாய்மார் பலர் வாழ்ந்த ஒரு தீவுக்கூட்டத்தின் துன்பத்தை ஆராய்ந்து, மருத்துவ நூலில் அதற்கு ஓர் இடந் தேடிக்கொடுத்தவர் எரிக் அடோல்ப் வொன் வில்லிபிராண்ட் என்னும் பின்லாந்து நாட்டு மருத்துவராவர். உலகெங்குமுள்ள வைத்தியசாலைகளில் அவர் பெயர் நாள்தோறும் ஒரு நோயின் பெயராக வழங்குகின்றது. பெயரைச் சொல்வோருள் ஆளை அறிந்தோர் சிலரே.

வில்லிபிராண்ட் 1870 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 1 ஆந் திகதி, பின்லாந்தின் மேலைக் கடற்கரையிலுள்ள வாசா நகரிலே பிறந்தார். பின்லாந்து அக்காலத்தில் உருசியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட நாடு. சார் மன்னன் நிக்கொலசின் பெயரே வாசா நகருக்கும் அப்போது வழங்கியது. நாட்டு மக்களுட் பெரும்பாலோர் பின்னிய மொழி பேசுவோர். கரையோரங்களிலும் தீவுகளிலும் வாழ்ந்தோருட் பலர் சுவீடிய மொழி பேசுவோர். வில்லிபிராண்டின் குடும்பம் சுவீடிய மொழிக் குடும்பம். தந்தையார் எந்திரியாகப் பணிபுரிந்தவர். பிள்ளையோ காடு மேடு என்று நெடுந்தூரம் நடந்து திரிவதிலும், செடிகொடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் சேர்ப்பதிலும், பறவைகளின் இயல்பை நோக்குவதிலும் காலங் கழித்தது. பூச்சிகளைத் தேடித் திரியும் பிள்ளையைப் படிப்பிலே நாட்டமில்லாதது என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் எந்நாட்டிலும் உளர். ஓரினத்தை மற்றோரினத்தினின்றும் வேறுபிரித்தறியும் பயிற்சி இவருக்கு அங்கேதான் தொடங்கிற்று என்பது எமது கருத்து.

எல்சிங்கிச் சர்வகலாசாலையில் மருத்துவங் கற்று 1896 ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றார். மாணவராயிருந்த காலத்து நிகழ்ச்சியொன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. 1894 ஆம், 1895 ஆம் ஆண்டுகளின் கோடைகாலத்தில், ஆலந்துத் தீவுகளின் தலைநகராகிய மாரியகாமினிலே கடல்நீராடி நலம்பெற வருவோர்க்கென அமைந்திருந்த இல்லத்தில் இளம் மருத்துவராக இவர் பணியாற்றினார். ஆலந்துத் தீவுகள் சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே போல்திக்குக் கடலிலே சிதறிக் கிடப்பன. சிறியவும் பெரியவுமாக ஆறாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் பல வெறும் பாறைத்திட்டுக்கள். அங்கு வாழ்ந்தோர் கடலையும் சிறு வயல்களையும் நம்பி வாழ்ந்தோர். மணவினைகள் பெரும்பாலும் தீவுக்குள்ளேயே நிகழ்ந்தன. பின்னர்த் தம் பெயரை நிலைநாட்டிய நோயின் தாயகத்தில் இரு கோடைகளைக் கழித்தபோது, அந்நோயைப் பற்றி இவ்விளைஞர் ஒன்றும் அறிந்திலர்.

1899 ஆம் ஆண்டு இவர் கலாநிதிப் பட்டத்துக்கெனச் சமர்ப்பித்த ஆராய்ச்சி குருதியைப் பற்றியதே. உடலிலிருந்து மிகுதியான குருதி வெளிப்பட்டபின், எஞ்சிய குருதியில் எவ்வகை மாற்றங்கள் நிகழ்கின்றன, இழந்த செங்குழியங்கள் எவ்வாறு மீள உண்டாகின்றன என்பவற்றை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு அதில் ஆராய்ந்தார். அடுத்த ஆண்டில் மணஞ் செய்துகொண்டார். பின்னர்ச் சிலகாலம் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும் கற்பித்தார். 1908 ஆம் ஆண்டுமுதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் எல்சிங்கியிலுள்ள தியாக்கோனிசர் வைத்தியசாலையில் உள்மருத்துவப் பகுதியின் தலைவராக விளங்கினார். அது கிறித்தவச் சமயத் தொண்டு பூண்ட மகளிரான தாதியரால் நடத்தப்பெற்ற நிலையம். அங்கே அவர் கருத்து உடம்பின் அனற்சேபத்திலும், உடற் பருமனிலும், நீரிழிவிலும் சென்றது. கனடாவிலே இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி எட்டியதும், நீரிழிவினால் மயங்கிக் கிடந்தோர்க்கு அதனைக் கையாண்டு பின்லாந்தில் முதன்முதல் எழுதிய மருத்துவருள் இவரும் ஒருவர். ஐம்பது வயதைக் கடந்தும் இவர் தம் நாட்டளவில் மதிக்கப்பெற்ற ஒரு நல்ல மருத்துவராகவே இருந்தார். அந்நிலையில் இறந்திருப்பின் நாம் அவர் பெயரை இன்று கேட்டிருக்கமாட்டோம்.

மேலே செல்லுமுன், குருதி நில்லா நோய்களைப்பற்றி அக்கால மருத்துவர் அறிந்திருந்தது யாது என்பதை நோக்குதல் வேண்டும். அவற்றுட் புகழ்பெற்றது ஈமோபீலியா. அது பழமையான நோய். விருத்தசேதனஞ் செய்தபோது குருதி பெருகி ஒரு தாயின் இரு மைந்தர் இறந்தால், மூன்றாம் மைந்தனுக்கு அச்சடங்கைச் செய்யற்க என யூத சமயப் பெரியார் ஏறத்தாழ 2 ஆம் நூற்றாண்டிலேயே விதித்தனர். 1803 ஆம் ஆண்டு பிலதெல்பியா நகர மருத்துவர் ஓட்டோ என்பவர், சில குடும்பங்களில் ஆண்மக்களே இந்நோயால் வருந்துகின்றனர் என்பதையும், நோயில்லாத பெண்கள் வழியாகவே அது அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றது என்பதையும் விளக்கி எழுதினார். பின்னர் விக்டோரியா மகாராணியாரின் வழித்தோன்றல்களிடத்தே இந்நோய் தோன்றி, ஐரோப்பிய அரண்மனைகள் பலவற்றிலும் புகுந்தது. உருசியச் சக்கரவர்த்தியின் ஒரே மகனாகிய அலெக்சி இளவரசனும் இதனால் வருந்தியவனே. அரசகுடும்பத்தைப் பற்றியமையால் இந்நோயை உலகமே அறிந்தது.

இவ்வறிவினால் விளைந்த தீமையொன்றும் உண்டு. குருதி நில்லாமை ஆண்களின் நோய் என்னும் எண்ணம் மருத்துவர் உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பெண்ணொருத்திக்கு மூக்கிலிருந்து ஓயாது குருதி வடிந்தாலும், மாதந்தோறும் அளவிறந்து பெருகினாலும், மகப்பேற்றின்பின் உயிர் போகுமளவும் பெருகினாலும், அதனை ஈமோபீலியா என்று சொல்ல ஏடு இடந்தரவில்லை. பெண்களுக்கு இஃது இயல்பு என்று சொல்லி விடுத்தோரும் பலர். ஏட்டில் இல்லாத நோய் உடம்பிலும் இல்லை என்று கொள்ளும் மயக்கம் மருத்துவர்க்கு மாத்திரம் உரியதன்று. எம்மைப் போன்ற பண்டிதர்களும் அதற்கு விலக்கல்லர்.

1924 ஆம் ஆண்டு, ஆலந்துத் தீவுகளுள் ஒன்றாகிய பேக்லே என்னுந் தீவிலிருந்து ஐந்து வயதுச் சிறுமியொருத்தி எல்சிங்கிக்குக் கொண்டுவரப்பட்டாள். பிறந்தது முதல் அவளுக்கு மூக்கிலிருந்தும் பல்லீறிலிருந்தும் குருதி வடிவது வழக்கம். சிறிது இடிபட்டாலும் தோலிலே கருநீலத் தழும்பு தோன்றும். மூன்று வயதில் மேலுதட்டிலுண்டான புண்ணிலிருந்து மூன்று நாள் குருதி பெருகி, உணர்விழக்கும் நிலையை அடைந்தாள்; பல வாரங்கள் வைத்தியசாலையில் இருந்தே தேறினாள். அவள் பெரிய குடும்பத்திற் பிறந்த பிள்ளை. அவளுடைய சகோதரியர் நால்வர் அவளினும் இளைய வயதிலேயே குருதி பெருகி இறந்துபோயிருந்தனர். தாய் தந்தையர் இருவர் குடும்பங்களிலும் இவ்வியல்பு முன்னரே இருந்தது.

நால்வர் இறந்தனர், நால்வரும் பெண்கள். வில்லிபிராண்டின் சிந்தையைப் பற்றி நிறுத்தியது இதுவே. ஈமோபீலியா என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியிடஞ் செல்ல அவரால் இயலவில்லை. சிறுமியை மாத்திரம் ஆராய்தல் போதாதென்று கண்டு, அவளுடைய சுற்றத்தார் யாவரையும் ஆராயத் தலைப்பட்டார். பாட்டன் பாட்டியர், அவர்தம் உடன்பிறந்தார், மாமன், சிற்றன்னை, பெரியதந்தை எனத் தலைமுறை தலைமுறையாகக் குலமுறை கிளத்தும் பெரும் பட்டிகையொன்று உருவாயிற்று. யார் யாருக்குக் குருதி நில்லாத இயல்பு உண்டு, எவ்விடத்திலிருந்து பெருகிற்று, எவ்வளவு காலம் பெருகிற்று, யார் அதனால் இறந்தார் என்பன வினவி எழுதப்பட்டன. வினவிய பொருளோ அடக்கமான தீவுக் குடும்பத்துப் பெண்கள் எளிதில் வாய்திறந்து சொல்லக் கூசும் பொருள். மாதவிடாயும் மகப்பேறும் பற்றியது. ஆயினும் சொன்னார்கள். கேட்கும் ஒருவர் வந்தபோது சொன்னார்கள் என்பதே பொருந்தும்.

கணக்கு இவ்வாறு முடிந்தது: ஆராயப்பெற்ற சுற்றத்தார் 66 பேர். அவர்களுள் நோயுடையார் 23 பேர். அவர்களுள் 16 பேர் பெண்கள். 7 பேர் ஆண்கள். ஆண்களின் நோய் என்று நூறாண்டுக்கு மேலாக நூல்கள் கூறிவந்ததற்கு ஒரு தீவுக் குடும்பத்தின் எண்கள் மறுமொழி கூறின.

குருதி எங்கிருந்து பெருகுகின்றது என்பதிலும் வேறுபாடு தெரிந்தது. ஈமோபீலியா உடையார்க்கு முழங்கால், முழங்கை முதலிய மூட்டுக்களினுள்ளே குருதி கசிந்து, நாளடைவில் முடமாக்கும். ஆலந்துக் குடும்பத்தாரிடத்து மூட்டுக்குள் குருதி கசிதல் அரிது. மூக்கு, பல்லீறு, குடல், கருப்பை என மென்றோல் போர்த்த இடங்களிலிருந்தே குருதி பெருகிற்று.

பின்னர்ச் சோதனைகள். காதின் அடிச்சோணையில் சிறிது கீறி, வடியும் துளியை அரை நிமிடத்துக்கொருமுறை ஒற்றுத்தாளில் ஒற்றி, எத்தனை நிமிடத்தில் நிற்கின்றது என்று பார்ப்பது 1910 ஆம் ஆண்டு தியூக் என்னும் அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை. நலமுடையார்க்குச் சில நிமிடங்களில் நின்றுவிடும். ஆலந்து நோயாளர்க்கோ அது நெடிது நீண்டது. ஆனால், அவர்களுடைய குருதியையே எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டால், மற்றையோர் குருதிபோல் உரிய காலத்தில் உறைந்தது! குருதிச் சிறுதட்டுக்களை எண்ணிப் பார்த்தபோது, அவையும் குறைவின்றி இருந்தன. குழாயில் உறையுங் குருதி புண்ணில் நில்லாமைக்குக் காரணம் யாது? இதுவே வில்லிபிராண்ட் எதிர்நின்ற புதிர்.

இதனை எமது நாட்டுக் குளக்கட்டொன்றைக் கொண்டு விளக்கலாம். மாரிகாலத்தில் குளக்கட்டு உடைத்துக்கொண்டால் ஊரவர் என்ன செய்வர்? உடனே உடைப்பிலே கட்டைகளை அறைந்து, மண் நிரப்பிய சாக்குகளை அவற்றோடு சார்த்தி அடுக்கி, பாயும் வெள்ளத்தை முதலில் தடுத்துக்கொள்வர். அதன்பின்பே களிமண்ணைக் கொட்டி, மிதித்து இறுக்குவர். உடம்பிலும் இவ்விரு வேலைகளும் நிகழ்கின்றன. குருதிக்குழாய் கிழிந்தவுடன் குருதிச் சிறுதட்டுக்கள் அவ்விடத்தில் ஒட்டித் திரண்டு ஓர் அடைப்பை உண்டாக்கும்; இவை மண்சாக்குகள் போல்வன. இவற்றின் தொழிலை 1882 ஆம் ஆண்டளவில் இத்தாலிய அறிஞர் பித்சொசெரோ விளக்கியிருந்தார். பின்னர்க் குருதி உறைந்து நாரிழைகள் பின்னி அவ்வடைப்பை இறுக்கும், இது களிமண். ஈமோபீலியாவில் சாக்குகள் நிற்கும், களிமண் பற்றாது. அதனால் சிறு கீறல் விரைவில் அடைபடும். ஆழமான இடங்களிலே குருதி மீண்டும் கசியும். ஆலந்து நோயிலோ களிமண் உண்டு, சாக்குகளும் உண்டு, ஆனால் சாக்குகள் உடைப்பிலே நிற்காது வெள்ளத்தோடு போய்விடுகின்றன.

சிறுதட்டுக்கள் எண்ணிக்கையிற் குறைதலால் வரும் நோய் முன்பே அறியப்பட்டிருந்தது. சிறுதட்டுக்களின் ஆற்றற் குறைவால் வரும் பரம்பரை நோயொன்றைச் சுவிற்சர்லாந்து மருத்துவர் கிளான்சுமான் 1918 ஆம் ஆண்டு எழுதியிருந்தார். இவை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு, ஒன்றும் முற்றும் ஒவ்வாமை கண்டு, இஃது இதுகாறும் எழுதப்படாத ஒரு தனி நோய் என்ற முடிபுக்கு வில்லிபிராண்ட் வந்தார். 1926 ஆம் ஆண்டு பின்லாந்து மருத்துவச் சங்கத்தின் ஏட்டிலே, சுவீடிய மொழியில், இதனை எழுதி வெளியிட்டார். நோய்க்கு அவர் இட்ட பெயர் பரம்பரைப் போலி ஈமோபீலியா என்பது.

அப்பெயர் எமக்கு உவப்பானதன்று. நால்வர் பிள்ளைகளைக் கொன்ற நோயைப் போலி என்பது எங்ஙனம்? ஆயினும் அவர் கருதியது வேறு. ஈமோபீலியா போலத் தோன்றி ஈமோபீலியா அல்லாதது என்பதே அவர் சொல்ல வந்தது. தம் பெயரை நோய்க்கு இட வேண்டுமென்று அவர் கனவிலும் எண்ணியிருக்கமாட்டார். அதனை இட்டவர்கள் பிற்காலத்தவர்.

சுவீடிய மொழியில் எழுதியமையால் உலகம் உடனே அறியவில்லை என்று குறைகூறுவோர் உளர். அக்காலத்து மருத்துவ உலகின் பெருமொழி யேர்மன் மொழி. 1931 ஆம் ஆண்டு அவரே அம்மொழியில் எழுதியபின்புதான் பிறநாட்டார் கருத்து அதன்பாற் சென்றது. இடையில் 1928 ஆம் ஆண்டு, பின்னாளில் நோபெற் பரிசு பெற்ற பொசுதன் நகர மருத்துவர் மைனொற்று, இதனை ஒத்த நோயாளர் சிலரைப்பற்றித் தனியே எழுதினார். எனினும், எம் நோக்கில், வில்லிபிராண்ட் செய்தது தவறன்று. எம்மக்களுடைய நோயோ அம்மக்களிடையே தொழில்புரியும் மருத்துவரே முதலில் அதனை அறிதல் வேண்டும். ஆலந்துத் தீவினர் பேசிய மொழியும் சுவீடிய மொழியே.

இவ்வளவும் எழுதப்பெற்றபோதும், அச்சிறுமிக்கு அளிக்கத்தக்க மருந்து எவரிடத்தும் இருந்திலது. ஐந்து வயதில் எல்சிங்கிக்கு வந்த அப்பிள்ளை வளர்ந்து பூப்பெய்தினாள். நான்காம் மாதவிடாயின்போது பெருகிய குருதி நில்லாமல், தன் பதின்மூன்றாம் வயதில் இறந்துபோனாள். மருத்துவ வரலாற்று நூல்கள் இதனை ஒருவரியிற் சொல்லிச் செல்கின்றன. நாமும் அதற்குமேல் என்ன சொல்ல இருக்கின்றது?

நோய்க்கு மூலமான குறை எங்கே உளது என்பதை அறிய வில்லிபிராண்ட் யேர்மனியிலுள்ள லைப்சிக்கு நகரத்து அறிஞர் யூர்கென்சு என்பவரோடு சேர்ந்து முயன்றார். மயிர்போன்ற நுண்குழாயிற் குருதியைச் செலுத்தி, அஃது எவ்வளவு விரைவில் அடைபடுகின்றது என்று அளக்குங் கருவியொன்று அங்கே இருந்தது. அதனைக் கொண்டு ஆலந்து நோயாளரை ஆராய்ந்து 1933 ஆம் ஆண்டு இருவரும் எழுதிய கட்டுரைகளில், சிறுதட்டுக்கள் எண்ணிக்கையிற் குறையாவிடினும் தொழிலிற் குறையுடையன என்று முடிபு கூறினர். போலி என்ற பெயர் கைவிடப்பட்டது. சிறுதட்டுக் கோளாறு என்னும் பொருள்படப் புதுப்பெயர் சூட்டப்பட்டது.

இம்முடிபு முற்றும் சரியன்று என்பது பின்னர்த் தெரியவந்தது. சாக்குகள் நிற்கவில்லை என்று கண்டது மெய். சாக்குகளில் ஓட்டை உண்டு என்று கொண்டதுதான் பொருந்தவில்லை. ஆயினும் 1933 ஆம் ஆண்டில் இருந்த கருவிகளைக்கொண்டு வேறெவரும் இதனினும் அணித்தாகச் சென்றிருக்க இயலாது என்பதை மறத்தலாகாது.

அந்த ஆண்டளவில் அவர் வைத்தியசாலைப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். நோயை மாத்திரம் விட்டாரல்லர். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 ஆம் ஆண்டில், 75 ஆம் வயதில், ஆலந்துத் தீவினரிடையே காணப்படும் பரம்பரைக் குருதிநோய் பற்றி மீண்டும் ஒரு கட்டுரை எழுதினார். அதுவே அவருடைய கடைசிக் கட்டுரை. அவர் அடக்கம் மிக்கவர் என்றும், தம் ஆராய்ச்சியைப்பற்றிப் பேசுவதினும் காட்டிலும் வயலிலும் கண்டவற்றைப்பற்றிப் பேசுவதிலேயே மகிழ்பவர் என்றும் அறிந்தோர் கூறுவர். 1949 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 12 ஆந் திகதி, எல்சிங்கிக்குக் கிழக்கேயுள்ள பெர்னோ என்னும் ஊரில் இறந்தார். புதிருக்கு விடை காணாமலே இறந்தார்.

விடையை நோக்கிச் சென்றோர் அவர் விட்டுச்சென்ற குலப்பட்டிகையையே வழிகாட்டியாகக் கொண்டனர். 1950 ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், குருதி நெடிது பெருகும் நோயாளர் சிலரிடத்தே, ஈமோபீலியா உடையாரிடத்துக் குறைவுபடும் எட்டாம் உறைகூறு என்னும் பொருளும் குறைவாயிருப்பதைப் பல நாட்டார் கண்டனர். சுவீடனின் மால்மோ நகரத்தைச் சேர்ந்த இங்கா மரீ நில்சன் அம்மையாரும், புளொம்பெக்கு என்னும் பெயருடைய கணவன் மனைவியரான பிர்கர், மார்கரெட்டா என்போரும் அவர்தம் தோழரும் 1957 ஆம் ஆண்டு ஆலந்துத் தீவுகளுக்கே சென்றனர். வில்லிபிராண்ட் எழுதிவைத்த அதே குடும்பத்தாரைத் தேடிக் கண்டனர். அவர்களுடைய சிறுதட்டுக்களில் குறையேதுமில்லை என்பதும், குறை குருதியின் நீர்ப்பகுதியாகிய முதலுருவிலேயே உளது என்பதும் துணியப்பட்டன.

இதனைத் துணிந்த முறை போற்றத்தக்கது. நலமுடையார் குருதி முதலுருவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கூற்றை இந்நோயாளர்க்குச் செலுத்தியபோது, நெடிது பெருகிய குருதி விரைவில் நின்றது. பின்னர், ஈமோபீலியா உடையாரின் முதலுருவிலிருந்து அதே கூற்றைப் பிரித்துச் செலுத்தினர். அதில் எட்டாம் உறைகூறு இல்லை. அவ்வாறிருந்தும் குருதி நின்றது! ஆகவே, ஈமோபீலியா உடையாரிடத்து உளதாய், ஆலந்து நோயாளரிடத்து இலதாய், பெயரறியாத பொருளொன்று உண்டு என்பது வெளிப்பட்டது. ஒரு நோயாளரின் குருதி மற்றொரு நோயாளரின் குறையைத் தீர்த்தமையால், இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று வில்லிபிராண்ட் 1926 ஆம் ஆண்டு எழுதியது நிலைபெற்றது.

அப்பொருள் இப்பொழுது வொன் வில்லிபிராண்ட் காரணி என வழங்கப்படுகின்றது. 1971 ஆம் ஆண்டு சிம்மர்மன், இரட்னொவ், பவல் என்னும் அமெரிக்கர் மூவர் அதனை அளந்தறியும் வழியைக் காட்டினர். அது நீண்ட புரதம். குருதிக்குழாயின் உட்சுவர்க் கலங்களிலே உண்டாவது. குழாய் கிழிந்தவுடன் வெளிப்படும் நார்களைப் பற்றிக்கொண்டு, விரைந்தோடும் சிறுதட்டுக்களை இழுத்து நிறுத்துவது அதன் தொழில். குளக்கட்டின் உடைப்பில் அறையப்பட்ட கட்டைகள் என்று சொன்னோமே, அவை இவைதாம். சாக்குகளில் ஓட்டை இல்லை. சார்த்துவதற்குக் கட்டைகள் இல்லை. அதுமட்டுமன்று. எட்டாம் உறைகூற்றைத் தாங்கி அழியாது காத்துக் குருதியிலே கொண்டு செல்வதும் இக்காரணியே. ஆதலின், நோய் கடுமையாகுமிடத்துக் களிமண்ணுக்கும் பஞ்சம் நேரும்.

குருதி நில்லாப் பரம்பரை நோய்களுள் மிகப் பலரைப் பற்றுவது இதுவே என்பது இன்று துணிபு. தந்தை வழியாகவும் தாய் வழியாகவும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்பவே இது செல்லும். பெண்கள் மாதந்தோறும் மகப்பேறுதோறும் குருதி இழப்பவராதலின், அவர்களிடத்தே மிகுதியாக வெளிப்படுகின்றது. வில்லிபிராண்டின் பட்டிகையிற் பெண்கள் இருமடங்குக்கு மேலாக நின்றமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும். பெரும்பாலோர்க்கு நோய் இலேசானது. பல் பிடுங்கும்போதோ சத்திரசிகிச்சையின்போதோ தான் தெரியவரும். ஆலந்துச் சிறுமிக்கு வந்தது தாய் தந்தையர் இருவரிடத்திருந்தும் குறையைப் பெற்றமையால் விளையும் கடுமையான வகை.

மருந்தும் கிடைத்தது. 1977 ஆம் ஆண்டு இத்தாலிய மருத்துவர் மன்னூச்சியும் அவர் தோழரும், தெசுமோபிரெசின் என்னும் மருந்து உடம்பிலே ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கும் காரணியைக் குருதியில் வெளிப்படுத்தி, இலேசான வகையினர்க்கு உதவும் என்று காட்டினர். கடுமையான வகையினர்க்குக் குருதி முதலுருவிலிருந்து வடித்தெடுத்த காரணி செலுத்தப்படுகின்றது. மனிதக் குருதியின்றி ஆய்வுகூடத்திலே ஆக்கப்பெற்ற காரணியும் 2015 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது. மாதவிடாய் தொடங்கும் வயதுப் பெண்பிள்ளைக்கு மிகுதியாகக் குருதி பெருகுமாயின், இந்நோய் உண்டோ என்று சோதித்தல் இன்று மருத்துவர்க்கு விதி.

1985 ஆம் ஆண்டு இக்காரணியை ஆக்கும் பரம்பரையலகு நான்கு ஆய்வுக் குழுவினரால் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிரித்தறியப்பட்டது. அஃது 12 ஆம் நிறமூர்த்தத்தில் உளது. ஆணையும் பெண்ணையும் வேறுபடுத்தும் நிறமூர்த்தத்தில் ஈமோபீலியா அமைந்திருத்தல்போல இஃது அமையவில்லை என்பதை நோக்குக. பின்னர், 1990 ஆம் ஆண்டுகளில், சுவீடிய ஆராய்ச்சியாளர் ஆலந்துக் குடும்பத்தின் வழித்தோன்றல்களிடமிருந்து குருதி பெற்று, அப்பரம்பரையலகை எழுத்தெழுத்தாகப் படித்தனர். பல்லாயிரம் எழுத்துக்கள் கொண்ட அந்நீண்ட வாசகத்தில், ஓரிடத்தில், ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.